உள்தையலில் ஒன்றரை இஞ்ச்

போன வருஷம் போகிக்கு முந்தின நாள், மண்ணூர் வீட்டுப் பரணிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார் அம்மா. "உள்ள இருக்கிறதெல்லாம் உங்கப்பாவோட பழைய துணி. எரிக்கவும் மனசு வரல, வெச்சுக்கவும் இடமில்ல. நீயே பாத்து முடிவு பண்ணு." திறந்தால் அந்துருண்டை வாசனையோடு நாலு பேன்ட், ரெண்டு சட்டை. அப்பா பேன்ட் போடுவதை நிறுத்திப் பத்து வருஷம் இருக்கும். ரிட்டயர் ஆன மறுநாளே லுங்கிக்கு மாறிவிட்டார். கல்யாணம் காட்சி என்றால் வேட்டி.

வேடிக்கைக்காகத்தான் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சாம்பல் நிற டெரிகாட்டன், முன்னால் பக்கத்துக்கு இரண்டு மடிப்பு. 1986இல் அவர் கல்யாணத்துக்குத் தைத்தது. இடுப்பு கொஞ்சம் பிடித்தது. கண்ணாடியில் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. பெட்டியை ஓரமாகத் தள்ளுவதற்காக அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். எழுந்தேன். சந்தேகமாக இருந்ததால் மறுபடியும் உட்கார்ந்தேன். தொடையில் இழுக்கவில்லை. முட்டியில் பிடிக்கவில்லை. பின்பக்கம் கீழே இறங்கவில்லை.

இது ஏன் எனக்கு ஆச்சரியம் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்ல வேண்டும். இன்ஜினியரிங் முடித்து முதல் வேலையில் சேர்ந்த அன்று நான் போட்டிருந்தது புத்தம் புது ஸ்லிம் ஃபிட் ஃபார்மல் பேன்ட். லேப்டாப் சார்ஜரைச் செருக மேஜைக்கு அடியில் குனிந்தேன். டர்ர். மாலை ஆறு மணி வரை நாற்காலியை விட்டு எழவில்லை. டீம் மொத்தமும் டீ குடிக்கப் போனபோது "எனக்கு டீ பழக்கமில்லை" என்று சொன்னேன். அந்தப் பொய்யைக் காப்பாற்ற அடுத்த மூன்று மாதம் டீ குடிக்காமல் இருந்தேன். பேன்ட்டைக் குறை சொல்லத் தோன்றவே இல்லை. தொடை பருத்துவிட்டது, ஜிம்முக்குப் போகணும் என்றுதான் நினைத்தேன்.

இப்போது இன்ஸ்டாகிராமில் த்ரிஃப்ட் கடைகள் நடத்துபவர்கள் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்: அந்தக் காலத்துத் துணி மாதிரி வராது, அந்தக் காலத்துத் தையல் மாதிரி வராது. அப்பாவின் பேன்ட்டில் உட்கார்ந்து எழுந்த அந்த நிமிஷம் நானும் அதை நம்பினேன். பிறகுதான் இன்ஜினியர் புத்தி முழித்துக்கொண்டது. உண்மையிலேயே அந்தப் பேன்ட் நன்றாக வெட்டப்பட்டதா, இல்லை அது அப்பாவுடையது என்பதால் எனக்கு அப்படித் தோன்றுகிறதா? பெட்டியிலேயே கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்தேன்.

*

அப்பாவின் பேன்ட்டையும் என் ஆபீஸ் பேன்ட் ஒன்றையும் பாயில் பக்கத்தில் பக்கத்தில் விரித்து அளந்தேன். கவட்டிலிருந்து இடுப்புப் பட்டியின் மேல்விளிம்பு வரை முன்பக்க உயரம் அப்பாவுடையதில் 12 இஞ்ச், என்னுடையதில் எட்டரை. தொடைச் சுற்று அதில் 26, இதில் 22. கால் பாட்டம் அதில் 17, இதில் 13.

இந்த எண்களில் முக்கியமானது முதலாவது. தொடை அகலத்தைப் பார்த்துத்தான் "லூசான பேன்ட்" என்கிறோம். ஆனால் உட்காரும்போது தொல்லை வருவது உயரம் பற்றாததால்தான். மனிதன் உட்கார்ந்தால் முதுகு இடுப்பிலிருந்து கவடு வரையான தூரம் நீள்கிறது. அந்தக் கூடுதல் நீளத்துக்கு எங்கிருந்தாவது துணி வர வேண்டும். பின்பக்கத்தில் போதிய துணி இருந்தால் அது கொடுக்கும். இல்லாவிட்டால் பேன்ட் இடுப்பை விட்டுக் கீழே இறங்கும், அல்லது தையல் கொடுக்கும். பைக் ஓட்டுபவரின் பின்னால் சிக்னலில் நின்ற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது பேன்ட் எங்கே நிற்கிறது என்பது. உடம்பின் ஒடுங்கிய இடம் தொப்புளை ஒட்டி இருக்கிறது. அதற்குக் கீழே இடுப்பெலும்பு விரிகிறது. அப்பாவின் பட்டி ஒடுங்கிய இடத்தில் உட்கார்ந்ததால், கீழே இருக்கும் எலும்பே அதைத் தாங்கிக்கொண்டது. என்னுடையது எலும்பின் சரிவிலேயே நிற்கிறது. சரிவில் நிற்கும் பொருள் சறுக்கும். அதனால் பெல்ட்டை இறுக்குகிறோம், இறுக்கிய பெல்ட் வயிற்றை வெட்டுகிறது.

முன்பக்க மடிப்புகளை அலங்காரம் என்றே இதுநாள் வரை நினைத்திருந்தேன். நின்றபடியும் நாற்காலியில் உட்கார்ந்தபடியும் என் சீட் சுற்றளவை எடுத்தேன்: 38, 40. உட்கார்ந்ததும் நான் இரண்டு இஞ்ச் பெரிய ஆளாகிவிடுகிறேன். நிற்கும்போது மடிந்திருந்து, உட்காரும்போது விரிந்து அந்த இரண்டு இஞ்சைக் கொடுப்பதுதான் மடிப்பின் வேலை.

சட்டையில் இதே கதை கைக்குழியில் நடக்கிறது. பெரிய கைக்குழி என்றால் கையை வசதியாகத் தூக்கலாம் என்று தோன்றும். நேர்மாறு. கைக்குழி அக்குளுக்கு ஒட்டி, உயரத்தில் இருந்தால் கை மட்டும் தனியாக அசையும். கீழே இறங்கியிருந்தால் கையைத் தூக்கும்போது சட்டை மொத்தமும் சேர்ந்து மேலே வரும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்ததும் டக்-இன் செய்த சட்டை வெளியே வந்துவிடுவது இதனால்தான். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே வார்ப்பில் வெட்டும் கம்பெனி குழியைத் தாராளமாகத்தான் வெட்டும். குழி சின்னதாக இருந்தால் சட்டை சிலருக்கு ஏறவே ஏறாது, கடையிலேயே திருப்பி வைத்துவிடுவார்கள். பெரிதாக இருந்தால் எல்லோருக்கும் ஏறும், யாருக்கும் சரியாக இருக்காது. அதை வாங்கிய பிறகுதான் கண்டுபிடிப்போம்.

கடைசியாக, பின்பக்க நடுத்தையலைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே இரண்டு பக்கமும் ஒன்றரை இஞ்ச் துணி விட்டு வைத்திருந்தது. என் பேன்ட்டில் அந்த இடத்தில் அரை இஞ்ச்கூட இல்லை, ஓவர்லாக் அடித்து முடித்திருந்தார்கள். அப்பாவுடையதில் விட்டு வைத்த துணி மேல் பழைய தையல் பிரிக்கப்பட்ட ஊசித் தடம் இரண்டு வரிசை இருந்தது. அதாவது இந்தப் பேன்ட் இரண்டு முறை பெரிதாக்கப்பட்டிருக்கிறது.

*

சரி, ஸ்லிம் ஃபிட் எங்கிருந்து வந்தது? 2000இல் டியோர் ஓமின் பொறுப்புக்கு வந்த ஹெடி ஸ்லிமான் ஆண்களுக்குக் குச்சி போன்ற ஒரு உருவத்தை வரைந்தார். ஒடுங்கிய தோள், கட்டையான கோட், ஒட்டிய பேன்ட். அந்த உடைகளைப் போட வேண்டும் என்பதற்காகவே இன்னொரு பெரிய வடிவமைப்பாளரான கார்ல் லாகர்ஃபெல்ட் 13 மாதங்களில் 42 கிலோ குறைத்தார். உடம்புக்கு உடை என்பது போய் உடைக்கு உடம்பு என்று ஆனதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. பத்து வருஷத்தில் அந்த உருவம் மலிவாகி, கீழிறங்கி, தி. நகர் வழியாக என் மேஜைக்கு அடியில் வந்து கிழிந்தது.

ஒட்டிய பேன்ட்டைச் சாத்தியமாக்கியது ஸ்ட்ரெச் துணி. 1958இல் டூபான்ட் கம்பெனியில் ஜோசப் ஷிவர்ஸ் கண்டுபிடித்த இழை, லைக்ரா என்று நமக்குப் பழக்கம். இன்றைக்கு ஆண்கள் பேன்ட்டின் லேபிளைப் பார்த்தால் 98% காட்டன், 2% எலாஸ்டேன் என்பது சாதாரணம். அந்த இரண்டு சதவீதம் வெட்டில் இருக்கும் குறையை மறைக்கிறது. உடம்பு வளைந்தால் வெட்டு கொடுக்க வேண்டிய இடத்தைத் துணி இழுபட்டுக் கொடுக்கிறது. சாஃப்ட்வேரில் இதற்கு ஒரு பழக்கமான பெயர் உண்டு: பேட்ச். மூல கோடைத் திருத்தாமல் மேலே ஒட்டு போடுவது. சூடும் குளோரினும் அந்த இழைக்கு ஆகாது. நம்மூர் வெயில், அயர்ன் பாக்ஸ், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்தால் முட்டி துருத்திக்கொண்டு நிற்கும்.

இன்னொரு பக்கம் சைஸ் சமாச்சாரம். 1950இல் அமெரிக்க விமானப்படை 4,063 விமானிகளை 140 விதமாக அளந்தது. கில்பர்ட் டேனியல்ஸ் என்ற இளம் ஆய்வாளர் அவற்றில் உயரம், மார்பு, கை நீளம் போன்ற பத்து அளவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: பத்திலும் சராசரிக்கு அருகில் வருபவர்கள் எத்தனை பேர்? விடை, பூஜ்யம். 4,063 பேரில் ஒருத்தர்கூட இல்லை. சராசரி விமானிக்காகச் செய்த இருக்கை உண்மையில் யாருக்காகவும் செய்யப்படவில்லை. அதற்கு விமானப்படை கண்ட தீர்வு எளிமையானது. இருக்கையை நகர்த்தக்கூடியதாக மாற்றினார்கள். இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் வெளிவரும் ஒவ்வொரு காரிலும் ஓட்டுநர் சீட்டுக்குக் கீழே ஒரு லீவர் இருக்கிறதே, அதே தத்துவம்.

அப்பாவின் பேன்ட்டில் உள்தையலாக விட்டு வைத்த ஒன்றரை இஞ்ச்தான் அந்த லீவர். என் பேன்ட்டில் லீவர் கிடையாது. இந்திய உடம்புகளுக்கென்று ஒரு சைஸ் அட்டவணை வேண்டும் என்று நிஃப்ட் ஆறு நகரங்களில் 25,000 பேரை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் திட்டத்தை எடுத்தது. அந்தத் திட்டமே ஒரு ஒப்புதல் வாக்குமூலம்: இத்தனை வருஷமும் நம் உடம்புக்கென்று ஒரு அட்டவணை இல்லாமல் நாற்பதும் நாற்பத்திரண்டும் வாங்கிக்கொண்டிருந்தோம். நல்ல முயற்சிதான். ஆனால் எவ்வளவு துல்லியமான அட்டவணையும் டேனியல்ஸின் பூஜ்யத்தைத் தாண்டிவிட முடியாது.

*

இதோடு கட்டுரையை முடித்தால் த்ரிஃப்ட் கடைக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள். ஆனால் அன்று சாயங்காலம் அப்பாவிடம் பேன்ட்டைக் காட்டி "செம கட்டிங்ப்பா, இப்ப எவனாலயும் இப்படித் தைக்க முடியாது" என்று நான் சொன்னபோது, அவர் சந்தோஷப்படவில்லை.

"அதப் போட்டுக்கிட்டு சித்திரை மாசம் பஸ்ல போயிருக்கியா? முதுகு, தொடை எல்லாம் வேர்க்குரு. தண்ணிய உறிஞ்சவே உறிஞ்சாது அந்தத் துணி."

உண்மைதான். டெரிகாட்டனில் பாதிக்கு மேல் பாலியஸ்டர். 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த டெரிலீன் இழை, குளிர் நாட்டில் பிறந்தது. கசங்காது, சீக்கிரம் காயும், வருஷக்கணக்கில் உழைக்கும். வியர்வையை மட்டும் அதற்குத் தெரியாது. வெட்டில் அப்பாவின் பேன்ட் ஜெயிக்கிறது, துணியில் தோற்கிறது. பழையது, புதியது என்று மொத்தமாக மார்க் போடுவது இங்கேயே உடைந்துவிடுகிறது.

"அப்புறம் இது ஒண்ணுதான் நல்லா வந்துச்சு. மத்ததெல்லாம் கெடுத்துட்டான்" என்றார். அதுவும் யோசிக்க வேண்டியது. பெட்டியில் தங்கியிருப்பது நன்றாக வந்த நாலு பேன்ட். கை கோணிப்போன சட்டையும் கால் ஏறிப்போன பேன்ட்டும் எப்போதோ கரித்துணி ஆகிவிட்டன. விண்டேஜ் உடைகளை வைத்து ஒரு காலத்தை எடைபோடும் எல்லோரும் இந்தப் பிழையைச் செய்கிறோம். தேறியதை மட்டும் பார்த்துவிட்டு, அந்தக் காலமே தேர்ச்சி பெற்றது என்கிறோம். தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு டெய்லர் கடை வாசலில் நின்றவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

ஆனால் அப்பா கடைசியாகச் சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. "சவுகரியத்துக்கா பேன்ட் போட்டோம்? சவுகரியம்னா வேட்டியே போதுமே. எங்க தாத்தால்லாம் முழங்காலுக்குக் கீழ துணி கட்டிக்கிட்டு தெருவுல நடக்க முடியாதுடா."

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் வட்டாரத்தில் ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட், சட்டை, பனியன் போடக் கூடாது என்பது அவற்றில் சேரும். ஜே. எச். ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். அதற்கு ஒன்பது வருஷம் முன்னால், 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரைவேட்டிக்கு மாறினார். களைவதற்கு முதலில் சட்டை இருக்க வேண்டும். அம்பேத்கர் கடைசிவரை கோட்டும் டையும் போட்டார். டெல்லி வெயிலில் அது சவுகரியமாக இருந்திருக்காது. சவுகரியம் அங்கே கேள்வியே இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பேன்ட் தைத்துக்கொண்டவர் அப்பா. அதற்கு முன்னால் யாருடைய உடம்பையும் ஒருத்தர் நாடா வைத்து அளந்து, நோட்டில் பெயர் எழுதி, கீழே எண்களைக் குறித்தது கிடையாது. அந்த 12 இஞ்சையும் 26 இஞ்சையும் வெறும் சவுகரியக் கணக்காக மட்டும் படித்தது என் தவறு. பொருத்தம் என்ற சொல்லுக்கு நம் மொழியில் ஜாதகம் வரைக்கும் அர்த்தம் நீள்கிறது. உடை உடம்புக்குப் பொருந்துகிறதா என்பதோடு, இந்த உடம்பு இந்த இடத்துக்குப் பொருந்தும் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் அதற்குள் இருக்கிறது. 2014இல் சேப்பாக்கத்தில் ஒரு கிளப் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. அதே வருஷம் அரசு அதற்கெதிராகத் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஒரு பக்கம் சட்டைக்குத் தடை, இன்னொரு பக்கம் வேட்டிக்குத் தடை. துணி மாறுகிறது, வாசலில் நிற்பவன் மாறுவதில்லை.

*

இடுப்பைப் பிரித்துவிடலாம் என்று பேன்ட்டை எடுத்துக்கொண்டு டெய்லர் கடைக்குப் போனேன். அப்பாவுக்குத் தைத்தவர் இப்போது இல்லை. அவரிடம் காஜா பையனாக இருந்தவர்தான் கடையை நடத்துகிறார். ஐம்பதைத் தாண்டியிருப்பார்.

கடை முழுக்க ஒரே நிறத்தில் பேன்ட் குவியல். கம்பெனி யூனிஃபார்ம். எங்கள் பக்கத்தில் ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் பையன்களும் பெண்களும் போட்டிருப்பார்களே, அது. 1998இல் ஹூண்டாய், 2006இல் நோக்கியா, 2010இல் ரெனோ நிஸான் என்று ஒவ்வொன்றாக வர வர, ஊரில் துணி எடுத்துத் தைப்பவர்கள் குறைந்தார்கள், யூனிஃபார்ம் போடுபவர்கள் கூடினார்கள். நோக்கியா 2014இல் மூடிப் போய்விட்டது. யூனிஃபார்ம் போகவில்லை.

"புதுசா தைக்க யாருண்ணே வர்றாங்க?"

"மாசத்துக்கு நாலஞ்சு உருப்படி வந்தா பெரிசு தம்பி. எல்லாம் ஆல்டரேஷன்தான். கம்பெனியில லூசாக் குடுக்குறான், பசங்க பாட்டத்தப் பிடிச்சுக் குடுன்னு வர்றாங்க. பென்சில் மாதிரி வேணுமாம்."

எட்டு மணி நேரம் நின்று, குனிந்து, ஏறி இறங்கி வேலை செய்பவர்கள் லூசான பேன்ட்டைக் காசு கொடுத்து ஒடுக்கிக்கொள்கிறார்களா? தொடை அளவு, கவட்டு உயரம் என்று நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். அவர் காஜாவிலிருந்து கண் எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ சொல்றது சரிதான் தம்பி. குனிஞ்சா இழுக்கத்தான் செய்யும். அவங்களுக்கும் தெரியும். ஆயிரம் பேரும் ஒண்ணாப் போட்டுக்கிட்டு பஸ்ல ஏறுறான். இவன் தன்னுதுன்னு எதத்தான் சொல்றது? அளவு எடுக்கும்போது அவன் மூஞ்சியப் பாக்கணும் நீ."

எனக்குப் பதில் இல்லை. 1986இல் அப்பா இதே கடையில் நின்றதும் கிட்டத்தட்ட இதற்காகத்தான். உடம்புக்கு நல்லது எது என்று மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கும் நான் சொல்வதற்கும், சராசரி விமானிக்கு இருக்கை செய்தவர்கள் சொன்னதற்கும் தொனியில் பெரிய வித்தியாசம் இல்லை.

அதற்காக ஸ்லிம் ஃபிட்டுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அந்தப் பையன்களுக்கு அளந்து தைக்க நேரமும் காசும் இருந்தால், தொடையைப் பிடிக்காமலே எடுப்பாகத் தெரியும் பேன்ட்டை அவராலேயே தைக்க முடியும். ஒடுக்குவது ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம் இருக்கும் தேர்வு. இரண்டு மூன்று வருஷமாக ரெடிமேடில் வரும் பேகியும் தீர்வு இல்லை. ஆசையாக ஒன்று வாங்கி அதையும் டேப்பால் அளந்தேன். பாட்டம் 20 இஞ்ச், முன்பக்க உயரம் பத்துகூட இல்லை. கால் சுற்றிலும் காற்று வருகிறது, குந்தினால் பின்பக்கம் இறங்குகிறது. அகலத்தைக் கூட்டிவிட்டு அதையே இடம் என்று விற்கிறார்கள். நேற்று இறுக்கமாக வந்த அதே முடிவு இன்று தளர்வாக வருகிறது. இரண்டிலும் யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

டெய்லர் கேட்டார். பேன்ட்டைக் கொடுத்ததும் இஞ்ச் டேப்பை எடுக்கவில்லை. "என்ன வேலை தம்பி? உக்காந்தா, நின்னா? பைக்கா, பஸ்ஸா? போன் எந்தப் பாக்கெட்ல வெப்ப? சாப்டதுக்கு அப்புறம் பெல்ட்ட ஒரு ஓட்டை தள்ளிப் போடுவியா?" கடைசிக் கேள்விக்கு வெட்கத்தோடு ஆமாம் என்றேன். அதன் பிறகுதான் அளந்தார்.

பின்தையலைத் திருப்பி, அந்த இரண்டு வரிசை ஊசித் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "முதல் தடவ பிரிச்சது எங்க மேஸ்திரி. ரெண்டாவது நான். நீ ஸ்கூல்ல படிக்கிறப்ப, உங்கப்பாவுக்குத் தொப்ப போட ஆரம்பிச்சுச்சு." இன்னும் முக்கால் இஞ்ச் பாக்கி இருக்கிறது என்றார். எனக்கு அரை இஞ்ச் போதும்.

"மீதிக் கால் இஞ்ச வெட்டிரலாமாண்ணே?"

"எதுக்கு? இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, பிளேடால் பழைய நூலைப் பிரிக்க ஆரம்பித்தார்.